வெந்நீர் விசாரணைக் கமிஷன்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான், நிலாவில் போய் இறங்கினான். சரி, இருக்கட்டும். எங்கள் கேம்பர் வேனுக்கு ஒரு வெந்நீர் ஹீட்டர் தேர்ந்தெடுக்க என் அப்பா நடத்திய ஆராய்ச்சிக்கு முன்னால் இந்த மூன்றும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெர்மாகோலில் ஒட்டிக்கொண்டு வரும் மாடல்கள். நெருப்பைக் கண்டுபிடித்தவன் பதினான்கு நெருப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தானா? ஏற்கெனவே நெருப்பு வைத்திருப்பவர்களிடம் கருத்துக் கேட்டானா? ஏதோ கல்லை உரசினான், பற்றிக்கொண்டது, குளிர்காய உட்கார்ந்துவிட்டான். அவசரக்குடுக்கை.

இதை வைத்து என் அப்பாவை ஒரு தனி மனிதர் என்று நினைத்துப் பாராட்டிவிடாதீர்கள். அவர் ஓர் இனம். விசாரிப்பாளர் என்று பெயர். எல்லாத் தட்பவெப்பத்திலும் வளரும். ஒரு பொருளை வாங்குவதற்கு முன்னால் அதைப் பற்றி விசாரிப்பவர்தானே என்று நினைத்தால் தப்பு. அது நீங்களும் நானும் செய்வது. விசாரிப்பாளர் வாங்குவதற்குப் பதிலாக விசாரிப்பவர்.

கண்டுபிடிப்பது சுலபம். கடையில் எல்லோரும் பொருளின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைத் தலைகீழாகத் தூக்கி அடிப்பக்கத்தைப் படித்துக்கொண்டு நிற்பவர் இவர்தான். விற்பனையாளர் நல்ல சரக்கு என்று சொன்னால் சந்தேகப்படுவார். சுமார்தான் என்று சொன்னால், பார்த்தாயா, கடைக்காரரே ஒப்புக்கொள்கிறார் என்று வெளியே வந்துவிடுவார். ஒன்றுமே சொல்லாமல் நின்றால் அந்த ஆள் எதையோ மறைக்கிறார். ஆயிரம் பேர் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள், அதையெல்லாம் விரலால் தள்ளிக்கொண்டே போய், எங்கேயோ ஒரு மகராசன் பெட்டி நசுங்கி வந்தது என்று அழுதிருப்பதைத் தோண்டி எடுத்து, வீட்டுக்கே சத்தமாக வாசித்துக் காட்டுவார். புது மாடலா? இன்னும் யாரும் உபயோகித்துப் பார்க்கவில்லை. பழைய மாடலா? சரியில்லாததால்தான் புதிது விட்டிருக்கிறார்கள். அப்படியானால் எதைத்தான் வாங்குவது? எதையும் வாங்காமல் இருப்பதைத்தான். அதைப் பற்றி மட்டும் இதுவரை ஒருவரும் குறை எழுதவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்பாவின் தொழில். கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவர் அவர். அரை இருட்டில் ஆளை உட்கார வைத்து, மூக்கின் மேல் ஒரு சட்டத்தை மாட்டி, அதில் ஒரு வில்லையைப் போட்டு எடுத்து, இன்னொன்றைப் போட்டு, இதில் தெளிவாக இருக்கிறதா அதிலா என்று நாளெல்லாம் கேட்பதுதான் வேலை. பாவப்பட்ட ஜனங்கள் இரண்டு விநாடியில் பதில் சொல்லியாக வேண்டும். யாராவது, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே சார் என்று இழுத்துவிட்டால் அப்பாவுக்குப் பொறுக்காது. சாப்பிடும்போது எங்களிடம் வந்து, ஒரு முடிவுக்கு வரத் தெரியாத மனிதர்கள் என்று நொந்துகொள்வார். அக்கா உடனே மேஜைக்கு அடியில் என் காலை மிதிப்பாள். சிரிக்காதே என்று அர்த்தம். மிதித்தவள்தான் முதலில் சிரிப்பாள்.

வேன் எங்கள் வாசலுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இரண்டு பேர் ஓட்டிக் கை மாற்றிய வண்டி. பின்பக்கம் நான்கு பேர் நெருக்கியடித்துப் படுக்கலாம். ஓர் அடுப்பு, அறுபது லிட்டர் தண்ணீர்த் தொட்டி, ஒரு குழாய், குளியலறை என்று பெயர் வைக்கப்பட்ட ஒரு மூலை. வந்த புதிதில் ஒரே ஒரு பயணம் போனோம். இரண்டாம் நாளே திரும்பிவிட்டோம். காரணம், அம்மாவின் கை.

அம்மாவுக்கு மொத்தமாகப் பூ அனுப்பும் கிடங்கில் வேலை. குளிர் அறை. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் வாளிக்குள் கையை விட்டுக்கொண்டே தண்டுகளை நறுக்கிக் கட்ட வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும். கொஞ்ச நேரத்துக்கு ஒரு பட்டனைக்கூடக் கழற்ற வராது. அவள் அதைப் பற்றிப் பேசமாட்டாள். இரண்டு கைகளையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு உலகத்தில் மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசுவாள். அந்தப் பயணத்தில் ஏரிக்கரைக் குளிரில், வேன் குழாயடியில் நாலு தட்டுக் கழுவியவள், பாதியில் நிறுத்திவிட்டு அமைதியாகச் சொன்னாள்.

"அடுத்த தடவை குழாயைத் திறந்தா வெந்நீர் வரணும். வந்தா நானும் வரேன். இல்லைன்னா நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க."

அன்று உட்கார்ந்தது கமிஷன்.

உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான், எழுந்திருக்கவே இல்லை. முதல் கேள்வி: தொட்டியில் தண்ணீரைச் சேர்த்துவைத்துச் சுடவைக்கும் வகையா, குழாயைத் திறந்த மாத்திரத்தில் உள்ளே கேஸ் பற்றி, ஓடுகிற தண்ணீரை ஓட்டத்திலேயே சுடவைக்கும் உடனடி வகையா? உடனடி வகை என்று அப்பா முடிவு செய்தார். ஐந்தே மாதத்தில். அதற்குப் பிறகு உடனடி வகையில் பதினான்கு மாடல்கள் ஒரு நோட்டில் ஏறின. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், பம்பின் அழுத்தம் குறைந்தால் அணைந்துவிடுமா, மலை மேல் பற்றுமா, பாதிக் குளியலில் குழாயை மூடித் திறந்தால் நடுவில் ஒரு குவளை பச்சைத்தண்ணீர் வந்து முதுகில் அறையுமா, விசிறி எத்தனை சத்தம் போடும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்கு ஒரு நிறம். நிறத்துக்கு ஒரு விளக்கக் குறிப்பு. அந்த நோட்டைப் பார்த்தால் எங்கள் வரலாற்று டீச்சர் கண்ணீர் விடுவார்.

வீட்டில் நான்கு பேருக்கும் எவ்வளவு வெந்நீர் தேவை என்று தெரியாமல் எப்படி வாங்குவது? ஆகவே குளியல் கணக்கெடுப்பு நடந்தது. வாளியின் உள்பக்கம் லிட்டருக்கு ஒரு கோடு வரைந்து, குளியலறைக் கதவுக்கு வெளியே கடிகாரத்துடன் நின்றார் அப்பா. அக்காவுக்கு முப்பத்தெட்டு லிட்டர். எனக்கு ஒன்பது. என் பெயருக்கு எதிரில், உண்மையில் குளித்தானா என்பது உறுதி செய்யப்படவில்லை என்று அடிக்குறிப்பு போட்டிருந்தார். அம்மா கணக்கெடுப்புக்கு ஒத்துழைக்க மறுத்தாள். அவள் பெயருக்கு எதிரில் இன்றுவரை ஒரு கேள்விக்குறி இருக்கிறது. குடும்பத்தில் ஹீட்டர் கேட்ட ஒரே ஆள் அவள்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

விசாரிப்பாளர் உண்மையில் எதற்குப் பயப்படுகிறார் தெரியுமா? பொருளுக்கு அல்ல. ஓட்டைக்கு. இந்த ஹீட்டரை மாட்ட வேண்டுமானால் வேனின் பக்கச் சுவரில் ஜன்னல் அளவுக்கு ஒரு சதுரத்தை அறுத்தெடுக்க வேண்டும். அறுத்தால் அறுத்ததுதான். அந்தச் சதுரம் எங்கே வரும் என்று அப்பா காகித டேப் ஒட்டிப் பார்த்தார். மறுவாரம் மாடல் மாறியது, சதுரமும் மாறியது. டேப்பை உரித்த இடங்களில் எல்லாம் பசை அப்பிக்கொண்டு, வண்டியே காயத்துக்குக் கட்டுப் போட்டு அவிழ்த்த மாதிரி நின்றது. தெரு முனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தன் வண்டியை நிறுத்தி, அறுக்கிறதுக்கு அரை நாள் போதும் சார், நான் தொழிலை விடுறதுக்குள்ள ஒரு நாள் சொல்லுங்க என்பார். அப்பாவும் சளைக்காமல், இன்னும் ஒண்ணே ஒண்ணு பாத்துடலாம் என்பார். பாத்துடலாம். இந்த இனத்தின் தேசிய கீதம் அது.

இதெல்லாம் எனக்குப் பொழுதுபோக்காகத்தான் இருந்தது. அக்காவுக்கு வேலை வரும்வரை.

கடல் கடந்து ஒரு முதியோர் இல்லத்தில் செவிலி வேலை. இரண்டு வருட ஒப்பந்தம். முடியும்வரை ஊருக்கு வர முடியாது. இருபத்து மூன்றாம் தேதி விமானம். கடிதம் வந்த நாளில் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், பிறகு ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். போவதற்கு முன்னால் நாலு பேரும் நாலு நாள் அந்த வேனில் எங்கேயாவது போக வேண்டும் என்று அக்கா கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். அம்மா என்ன நிபந்தனை வைத்திருந்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் அதைத் திரும்பச் சொல்லவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. கையில் இருந்தது நான்கு வாரம். நோட்டில் இருந்தது பதினான்கு மாடல்.

இந்த இடத்தில் நல்ல பிள்ளையாக இருந்தால் அப்பாவிடம் போய்ப் பேசியிருப்பான். நான் வேறு மாதிரி.

கேம்பர் வைத்திருப்பவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது. அப்பா தினமும் அதில் சந்தேகம் கேட்பார்; மற்ற விசாரிப்பாளர்கள் வந்து அந்தச் சந்தேகத்துக்கு இன்னும் மூன்று சந்தேகங்களைப் பதிலாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தக் குழுவில் ஒரு புதிய உறுப்பினர் சேர்ந்தார். பெயர், பழைய குறடு. முப்பது வருடம் கேஸ் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முகத்துக்குப் பதிலாக ஒரு துருப்பிடித்த குறட்டின் படம். எழுதுவதில் கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் ஆசீர்வாதம். நான்தான் அது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

திட்டம் எளிமையானது. அப்பா ஏதாவது கேட்டதும், தம்பி, யோசித்தது போதும், வாங்கித் தொலையுங்கள் என்று பெரியவர் அதட்டுவார், அப்பா அடங்குவார், வெந்நீர் வரும். அப்படியே அதட்டினேன். அப்பா அடங்கவில்லை. ஐயா, உங்களைப் போன்ற அனுபவசாலியைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று ஆரம்பித்து பதினொரு கேள்விகள் அனுப்பிவிட்டார்.

முப்பது வருட அனுபவசாலி பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? பள்ளிக்கூடத்தில் என்னையும் வேதியியலையும் ஒரே அறையில் உட்காரவைக்க மூன்று ஆசிரியர்கள் முயன்று தோற்றிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நான் மத்தியானச் சாப்பாட்டை மறந்து ஹீட்டர் கையேடுகள் படித்தேன். முதலில் சும்மா ஒப்பேற்றத்தான் படித்தேன். பிறகு ஒரு பக்கத்தில், காற்றை வேனுக்குள்ளிருந்தே எடுத்துக்கொண்டு புகையையும் உள்ளேயே விடும் மட்டமான வகை ஒன்று இருக்கிறது, மூடிய வண்டியில் அதை எரித்தால் வாசனையே இல்லாத ஒரு வாயு சேர்ந்து, தூங்குகிறவர்கள் தூங்கியபடியே போய்விடுவார்கள் என்று போட்டிருந்தது. அதற்குப் பிறகு எனக்கு நையாண்டி வரவில்லை. அந்த வேனில் படுக்கப்போகிற நாலு பேரையும் எனக்குத் தெரியும். காற்றை வெளியே இருந்து எடுத்து, புகையை வெளியிலேயே விடுகிற வகைதான் வேண்டும், அதற்காகத்தான் அந்த ஓட்டை, ஓட்டைக்குப் பயப்படாதீர்கள் என்று குறடு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அப்பாவின் பட்டியலில் பதினான்கு ஐந்தாகச் சுருங்கியது.

ஐந்து மூன்றானது. மூன்று இரண்டானது. நோட்டில் எட்டாம் எண் மாடலா, ஒன்பதாம் எண்ணா? அப்பா குறடு ஐயாவையே முடிவு சொல்லச் சொன்னார்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். எட்டு என்று ஒரு வார்த்தை எழுதினால் வேலை முடிந்தது. எழுதப்போனேன். எதற்கும் இருக்கட்டும் என்று கடைசியாக ஒரு கருத்தைப் படித்தேன். எட்டில் விசிறிச் சத்தம் அதிகம் என்று ஒருவர் சொல்லியிருந்தார். ஒன்பதைப் பார்த்தேன், குறைந்த ஓட்டத்தில் அணைந்துவிடுகிறது என்று இன்னொருவர். இரண்டு நாள் பொறுங்கள் தம்பி என்று எழுதினேன். பிறகு, ஒன்பதாம் எண்ணின் ஆழம் முப்பத்தொன்பது சென்டிமீட்டர், உங்கள் அடுப்புக்குக் கீழே இருக்கும் அலமாரி நாற்பத்தொன்று, குழாய் வளைய இரண்டே சென்டிமீட்டர்தான் மிஞ்சும், யோசிக்க வேண்டிய விஷயம் என்று எழுதினேன். பிறகு இன்னும் மூன்று நாள். அப்பாவுக்குத் தெரியாமல் எனக்கென்று ஒரு நோட்டுப் போட்டேன். கட்டம் மட்டும்தான். நிறமெல்லாம் இல்லை. சரி, இரண்டு நிறம்.

அக்கா ஒருநாள் பெட்டிக்குள் துணிகளை அடுக்கிக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள். "வேன் எல்லாம் நடக்காதுடா. பரவாயில்லை. அப்பாகிட்ட சொல்லிடு, நான் ஒண்ணும் நினைச்சுக்கலைன்னு." நான் போனைப் பின்பக்கம் மறைத்துக்கொண்டு நின்றேன். அதில் எட்டாம் எண்ணின் நாற்பது பக்கக் கையேடு, இருபத்தாறாம் பக்கத்தில் திறந்திருந்தது.

இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டே படித்துவந்த உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் போனை எடுங்கள். மூடாமல் கிடக்கும் பக்கங்களை எண்ணுங்கள். ஏதோ ஒரு மிக்ஸி, ஒரு மெத்தை, ஒரு ஜோடி செருப்பு, எப்போதோ யாருக்காகவோ தேட ஆரம்பித்தது, நல்லதாகக் கிடைக்கட்டும் என்று வைத்திருக்கிறீர்கள், அப்படித்தானே? கேட்டவர் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறாரா, கேட்பதை விட்டுவிட்டாரா? நீங்கள் இந்த இனமில்லை என்று நான் நம்புகிறேன். நான்கூட அந்த இனமில்லை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பதினேழாம் தேதி, சனிக்கிழமை காலை. வாசலில் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். மெக்கானிக் வேனுக்குப் பக்கத்தில் ஒயரை நீட்டி ரம்பத்தைச் செருகிக்கொண்டிருந்தார். அப்பா ஓர் அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். பெட்டியில் எட்டாம் எண்ணின் படம்.

"எப்ப வாங்கினீங்க?" என்றேன்.

"ஒன்பது நாள் ஆச்சு. கடையில, வில்லை வைக்கிற ரூம்ல போட்டு வச்சிருந்தேன். இவர் இன்னைக்குத்தான் வர முடியும்னுட்டார்."

"அப்ப குரூப்புல தினமும் கேட்டுக்கிட்டு இருந்தீங்களே?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்து என்ன பிரயோஜனம்?

அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அலமாரியின் ஆழத்தை நான் அந்தக் குழுவில் சொன்னதே இல்லை என்றார். அதை அளந்தபோது அளவு டேப்பின் இன்னொரு நுனியைப் பிடித்தவன் ஒரே ஆள்தான் என்றார்.

நான் வேனின் பசையைச் சுரண்ட ஆரம்பித்தேன்.

"தெரிஞ்ச அன்னைக்கே திட்டணும்னுதான் வந்தேன். நீ சாப்பாட்டைக்கூட ஒதுக்கி வச்சுட்டுப் படிச்சுக்கிட்டு இருந்தே. நீ ஒரு பக்கத்தை முழுசாப் படிச்சு நான் பாத்ததே இல்லை. சரி, இன்னும் நாலு கேள்வி கேட்போம்னு கேட்டேன்."

மெக்கானிக் ரம்பத்தைத் தூக்கிப் பிடித்து, அறுக்கலாமா என்று பொதுவாகக் கேட்டார். அப்பா டேப் சதுரத்தைப் பார்த்தார். ஒன்றரை வருடப் பழக்கம், ஒரு நாளில் போகுமா? அவர் வாயைத் திறப்பதற்குள், ஒன்பதாம் எண்ணில் விசிறிச் சத்தம் குறைவு, இன்னும் மாற்றிக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். குரல் எனக்கு மிகவும் பழக்கமானது.

"அண்ணே, நீங்க அறுங்க," என்றாள் அம்மா, வீட்டு வாசற்படியிலிருந்து.

அறுத்தார். தகரம் அலறியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். மத்தியானத்துக்குள் பெட்டி உட்கார்ந்தது, கேஸ் குழாய் பூட்டப்பட்டது, மூட்டுகளில் எல்லாம் சோப்பு நுரை தடவிக் கசிவு இல்லை என்று மெக்கானிக் இரண்டு தடவை பார்த்தார். பிறகு அம்மாவை உள்ளே வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை கிளம்புவதாக இருந்தால் இவள் இப்போது ஒத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா குழாயைத் திறந்து இரண்டு கைகளையும் அடியில் நீட்டினாள். சுவருக்குப் பின்னால் டிக் டிக் என்று சத்தம், ஹு என்று ஒரு மூச்சு. நாங்கள் மூன்று பேரும் அந்தக் குறுகின இடத்தில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு நின்றோம். ஆவி வந்தது. அம்மா கையை எடுக்கவில்லை. விரல்களைப் பிரித்தாள், மடக்கினாள், மறுபடி பிரித்தாள். அக்கா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இந்நேரம் அப்பா நோட்டில் எழுதியிருப்பார் என்று திரும்பினேன்.

"எத்தனை செகண்ட்ப்பா?"

"என்ன எத்தனை?"

"திறந்ததிலிருந்து சூடா வர்றதுக்கு. குறிச்சீங்களா?"

அப்பாவின் கையில் நோட்டும் இல்லை, கடிகாரமும் இல்லை. அவர் அம்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"நான் எண்ணலையே. நீ எண்ணினியா?"

பதினொன்று.